போலோன்யா நகரத்துப் புட்டிகள்

இத்தாலி தேசத்துக்குப் போய் வந்தவர்களிடம் நம்மவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் மூன்றுதான். ரோமாபுரியைப் பார்த்தீரா? வெனிஸில் படகு ஏறினீரா? பைஸா நகரத்துச் சாய்ந்த கோபுரம் இன்னும் விழாமல் நிற்கிறதா? இம்மூன்றுக்கும் தக்க விடை சொல்லக் கூடியவனாகவே நானும் ஊர் திரும்பினேன். ஆனால், "எல்லாவற்றிலும் உம்முடைய மனத்தில் அதிகமாக நிற்பது எது?" என்று எங்கள் பள்ளிக்கூடத்துச் சரித்திர உபாத்தியாயர் கேட்டபோது, "தூசி படிந்த சில புட்டிகள்" என்று நான் சொன்ன விடை அவருக்குத் திருப்தி அளிக்கவில்லை. "இதற்காகவா ஐயா இவ்வளவு பணத்தைச் செலவழித்துக் கடல் கடந்தீர்? எங்கள் வீட்டுப் பரணில் இல்லாத புட்டியா?" என்றார். நியாயமான கேள்விதான். அன்றைக்கு மணி அடித்து விட்டபடியால் பதில் சொல்லாமல் தப்பித்துக் கொண்டேன். இப்போது சாவகாசமாகச் சொல்கிறேன்.

போலோன்யா என்பது இத்தாலியின் வட பாகத்தில் உள்ள புராதன நகரம். அங்குள்ள சர்வகலாசாலை 1088-ம் வருஷத்தில் தோன்றியதென்று கணக்கு வைத்திருக்கிறார்கள். பைஸாவுக்குப் போட்டியாகச் சாய்ந்த கோபுரம் ஒன்று இங்கும் உண்டு. ஆனால் ஊரின் பெருமை கோபுரத்தில் இல்லை, நடைபாதையில் இருக்கிறது. வீடுகளின் மேல்மாடிகள் தெருவை நோக்கி நீட்டிக் கொண்டிருக்க, அவற்றைத் தூண்கள் வரிசையாகத் தாங்கி நிற்கின்றன. அடியில், வளைவு வளைவாக, நிழல் நிறைந்த பாதை. நம் பக்கத்து அக்கிரகாரத் திண்ணைகளையெல்லாம் குறுக்குச் சுவர் இல்லாமல் ஒன்றோடொன்று சேர்த்து, ஊர்க்கோடி மட்டும் இழுத்து விட்டால் எப்படி இருக்கும்? அப்படி இருக்கிறது. இந்தத் தூண் பாதைகள் எல்லாம் சேர்ந்து 62 கிலோமீட்டர் நீளமாம். 2021-ல் யுனெஸ்கோ ஸ்தாபனம் இவற்றை உலகப் பாரம்பரியச் சின்னங்களில் சேர்த்தது. மழை நாளிலும் குடை இல்லாமல் ஊரைச் சுற்றி வரலாம். காவியும் செம்மண்ணும் கலந்த சுவர்களில் பிற்பகல் வெயில் படும்போது, வர்ணத்தின் மீது பொடி தூவினாற்போல ஒரு மங்கல் உண்டாகிறது. அந்த மங்கலை நன்றாக ஞாபகத்தில் வைத்துக் கொள்ளும்படி வாசகர்களைக் கேட்டுக் கொள்கிறேன். பின்னால் வேண்டியிருக்கும்.

இப்படிப்பட்ட தூண் பாதை ஒன்றின் வழியாகத்தான் நானும் என் மனைவியும் ஃபொந்தாஸா என்னும் வீதிக்குப் போனோம். ஒடுக்கமான வீதி. அதில் 36-ம் எண்ணுள்ள வீட்டை, மற்ற வீடுகளிலிருந்து பிரித்துச் சொல்லும்படியான கம்பீரம் எதுவும் கிடையாது. ஜியோர்ஜியோ மொராந்தி என்ற சித்திரக்காரர் வாழ்ந்த வீடு அது. 2009 முதல் பொது ஜனங்கள் பார்ப்பதற்குத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

மொராந்தி 1890-ல் இதே ஊரில் பிறந்தவர். தகப்பனார் 1909-ல் காலமான பின், தாயாரோடும் அன்னா, தீனா, மரியா தெரெஸா என்னும் மூன்று சகோதரிகளோடும் 1910-ல் ஃபொந்தாஸா வீதிக்குக் குடி வந்தார். 1964-ல் மரணமடையும் வரையில் அந்த வீதியை விட்டுப் போகவில்லை. சகோதரர் கலியாணம் செய்து கொள்ளவில்லை. சகோதரிகளும் செய்து கொள்ளவில்லை. 1914 முதல் 1929 வரையில் ஆரம்பப் பள்ளிகளில் சித்திர வாத்தியாராக இருந்து சம்பாதித்தார். பிறகு 1930 முதல் 1956 வரையில் அந்நகரத்துக் கலாசாலையில், செப்புத் தகட்டில் சித்திரம் செதுக்கி அச்சிடும் வித்தையைக் கற்பித்தார். ஐரோப்பாவின் சித்திரக்காரர்களெல்லாம் பாரிஸை நோக்கி ஓடிய அந்தக் காலத்தில் இவர் அங்கே போய்க் குடியேறவில்லை. 1956-ல், அறுபத்தாறாம் வயதில், ஸ்விட்ஸர்லாந்தில் நடந்த தம்முடைய கண்காட்சிக்குப் போய் வந்தார் என்பதைப் பெரிய யாத்திரையாக எழுதி வைத்திருக்கிறார்கள். பதினைந்து வருஷம் சின்னப் பையன்களுக்கு நேர்கோடும் வளைகோடும் போடச் சொல்லிக் கொடுத்தவர் என்ற மட்டில், என் வர்க்கத்தைச் சேர்ந்தவர் என்ற உரிமையும் எனக்கு அவரிடம் கொஞ்சம் ஏற்பட்டு விட்டது.

வீட்டின் உள்ளே அவருடைய அறை. கண்ணாடித் தடுப்புக்கு இப்பால் நின்றுதான் பார்க்க வேண்டும். அந்த ஒரே அறையில்தான் அவர் படுத்தார். அதிலேயே படமும் எழுதினார். ஒற்றை ஆள் படுக்கக் கூடிய கட்டில், படச் சட்டத்தை நிறுத்தும் முக்காலி, முற்றத்தை நோக்கிய ஜன்னல், சில மேஜைகள். மேஜைகளின் மேலும், அலமாரியிலும், தரையிலும் சாமான்கள். என்ன சாமான்கள் என்கிறீர்கள்? கழுத்து நீண்ட புட்டிகள்; காபி வடிக்கும் கெட்டில்கள்; எண்ணெய் விளக்கு; புனல்; பூ ஜாடிகள்; தகரப் பெட்டிகள்; கடலோரத்துச் சிப்பிகள்; காகிதப் பூக்கள். நம் வீடுகளில் குழந்தைகளுக்குக் கலக்கிக் கொடுத்த ஓவல்டின் டப்பா இருக்கிறதே, அதன் ஐரோப்பியச் சகோதரர் ஒருவரும் வர்ணப் பூச்சோடு அந்தக் கூட்டத்தில் இருக்கிறார். விலை உயர்ந்தது என்று ஒன்றைக் காட்ட முடியாது.

ஐம்பது வருஷ காலம் இந்த மனிதர் இந்தச் சாமான்களைத்தான் எழுதினார். பூக்கள் சில, கிராமத்துக் காட்சிகள் சில, இளமையில் தம்முடைய உருவம் சில தடவை, மற்றதெல்லாம் இவையே. தைல வர்ணப் படங்கள் மாத்திரம் ஆயிரத்து முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. பெரும்பாலானவை நம் வீட்டுப் பஞ்சாங்கப் படம் அளவுக்கு மேல் போகாதவை. தலைப்பும் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: 'நாத்துரா மோர்த்தா'. ஆங்கிலேயர் 'அசையாத ஜீவன்' என்று அழைக்கும் அதே ரகப் படத்துக்கு இத்தாலியர் வைத்த பெயர் 'செத்த இயற்கை' என்று பொருள்படும். இரண்டு பெயரில் எது பொருத்தம் என்று அந்த அறையின் முன்னால் நின்று யோசித்துப் பார்த்தேன். இரண்டும் பொருந்தவில்லை.

அந்தச் சமயத்தில் என் மனைவி மெதுவாகக் கேட்டாள்:

"வீட்டிலே தாயாரைத் தவிர மூன்று பெண்கள் இருந்தார்கள் என்கிறீர்கள். இந்தத் தூசியைத் தட்ட ஒருத்திக்கும் கை வரவில்லையா?"

வாஸ்தவமாகவே புட்டிகளின் தோள்களில் சாம்பல் நிறம் ஒட்டிக் கொண்டிருந்தது. இது அலட்சியத்தினால் வந்ததல்ல என்பதை நான் படித்திருந்தேன். 1964-ல் அவரைப் பார்க்கப் போன ஜான் ரீவால்டு என்ற கலாசரித்திர ஆசிரியர், அந்த அறையின் தூசியைக் கண்டு பிரமித்துப் போய் எழுதியிருக்கிறார். கண்ணாடி, கண்ணாடி என்பதற்காகவே பளபளக்கும். ஜன்னலையும் எதிரே நிற்கும் மனிதரையும் தன்மேல் காட்டி நம்முடைய கவனத்தைத் திருடி விடும். அதன் மீது தூசி படிந்தால் தன் பகட்டை விட்டு, வெளிச்சத்தை அடக்கமாக வாங்கிக் கொள்ளும். அதுவும் போதாதென்று மொராந்தி சில புட்டிகளுக்குள் வர்ணத்தை ஊற்றி உள்பக்கத்தை மூடினார். டப்பாக்களின் மேல் இருந்த கம்பெனிச் சீட்டுகளை அகற்றி வெள்ளையோ காவியோ பூசினார். இன்ன கடைச் சரக்கு, இன்ன விலை, இன்ன உபயோகம் என்று ஒரு பொருளைப் பற்றி நாம் சொல்லக் கூடிய விவரங்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கழற்றி விட்டார். கழற்றிய பிறகு மிஞ்சியது என்ன? ஓர் உயரம், ஒரு பருமன், ஒரு நிழல். இதோ இங்கே இருக்கிறேன் என்ற ஒரு நிலை.

இவ்வளவையும் நான் என் மனைவிக்கு விளக்கினேன். வகுப்பில் விளக்குவது போலவே விளக்கினேன் போலிருக்கிறது. அவள் பாதியிலேயே கேட்பதை நிறுத்தி விட்டு மேஜையைக் கூர்ந்து பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அந்தக் காகிதத்தில் கோடு கோடாக இருக்கிறதே, பார்த்தீர்களா?" என்றாள்.

மேஜையின் மேல் விரித்திருந்த காகிதம் அது. புட்டி நின்ற இடத்தைச் சுற்றிப் பென்ஸிலால் ஒரு வட்டம். பெட்டியின் மூலைக்கு ஒரு கோணம். அரை விரல் தள்ளி இன்னொரு வட்டம். அதன் மேல் மற்றொன்று. இப்படி எத்தனை வருஷத்து அடையாளங்களோ, ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடந்தன. ஒரு படத்துக்கான சாமான்களை வைத்து, நகர்த்தி, மறுபடி நகர்த்தி, திருப்தி ஏற்பட நாட்கணக்கில் ஆகுமாம். அதற்குப் பிறகு படம் எழுதுவது அநேகமாகச் சில மணி நேரத்து வேலைதான்.

"நவராத்திரிக்குப் படி கட்டினால் நானும் இப்படித்தான் சாக்குக் கட்டியால் குறி போட்டு வைப்பேன்" என்றாள் என் மனைவி. "செட்டியார் பொம்மையை ஒரு விரல் இப்படித் தள்ளினால் பக்கத்திலிருக்கும் குறத்தி முகம் சுருங்கிப் போய்விடும். நீங்கள் யாரும் கவனிக்க மாட்டீர்கள். எனக்கு ராத்திரி தூக்கம் வராது."

இருபது வருஷமாக என் வீட்டுக் கூடத்தில் நடந்து வந்த ஒரு காரியத்தைப் போலோன்யாவில் வந்து தெரிந்து கொண்டேன். ஜாடிக்கும் புட்டிக்கும் இடையில் உள்ள வெற்றிடத்தையும் ஒரு பொருளாகவே மொராந்தி எழுதுகிறார் என்று விமரிசகர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவற்றைப் படித்துத் தலையை ஆட்டியவன் நான். செட்டியாரும் குறத்தியும் வந்த பிறகுதான் விஷயம் விளங்கிற்று.

இதே மேஜைக் காகிதத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் சொல்ல வேண்டும். டஸிட்டா டீன் என்னும் ஆங்கிலேயக் கலைஞர் 2009-ல் இந்த அறைக்கு வந்து இரண்டு சினிமாப் படங்கள் பிடித்தார். ஒன்றில் சாமான்கள் மட்டும். மற்றொன்றில் சாமான்கள் கூட இல்லை; அந்தப் பென்ஸில் கோடுகள்தான், கறுப்பு வெள்ளையில், சுமார் ஐந்தரை நிமிஷம் ஓடும். அவற்றை மிலான் நகரத்தில் ஒரு பழைய மாளிகையில் காட்டினார்கள். பொருள்களையோ, வெளிச்சத்தையோ, ஓடும் படத்தையோ ஓர் அறையில் அமைத்து வைத்து, பார்க்க வருகிறவர் அந்த அமைப்புக்குள்ளேயே நின்று அனுபவிக்கும்படி செய்யும் கலைக்கு இக்காலத்தார் 'நிறுவல்' என்று பெயர் சொல்கிறார்கள். பெயர் புதிது. ஆனால் கொலுப் படி கட்டுகிறவர்களுக்கும், மேஜையில் மூன்று நாள் புட்டியை நகர்த்திக் கொண்டிருந்த இந்த வாத்தியாருக்கும் அந்தத் தொழில் புதிதல்ல என்று எனக்குப் படுகிறது.

வெளியே வந்து மறுபடி தூண் பாதையில் நடந்தோம். அப்போதுதான், அறைக்குள் அடங்கியிருந்த ஒரு சந்தேகம் என்னைப் பிடித்துக் கொண்டது.

இந்த மனிதர் வாழ்ந்த காலம் எப்படிப்பட்ட காலம்! முதல் உலக யுத்தம். பிறகு முஸோலினியின் ஆட்சி. பிறகு இரண்டாவது யுத்தம். தேசமே பற்றி எரிந்த போது ஒருவர் புட்டியை அரை விரல் நகர்த்திக் கொண்டிருந்தார் என்றால், அதைக் கலை என்று கொண்டாடுவதா, கண்ணை மூடிக் கொண்ட காரியம் என்று சொல்வதா? விடுதலைப் போரில் கதர் உடுத்திச் சிறை சென்றவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நம்மால் இதைக் கேட்காமல் இருக்க முடியாது. அவருடைய சரித்திரத்தையும் மறைக்க வேண்டியதில்லை. 1915-ல் ராணுவத்துக்கு அழைக்கப்பட்டுப் போய், கடுமையாக நோயுற்றுத் திருப்பி அனுப்பப்பட்டார். 1928-ல் எழுதிய சுயசரிதைக் குறிப்பு ஒன்றில், பாஸிஸ்ட் இயக்கத்தில் தமக்கு நம்பிக்கை உண்டு என்று எழுதினார். இது அவருக்குக் கௌரவம் தரும் வாக்கியம் அல்ல. 1943-ல், அதே ஆட்சியை எதிர்த்தவர்களோடு சிநேகம் வைத்திருந்த காரணத்தினால் போலீஸார் அவரைப் பிடித்துச் சுமார் ஒரு வாரம் சிறையில் வைத்தார்கள். இது அவரை வீரர் ஆக்கி விடவும் இல்லை.

சிறையிலிருந்து வந்தவர், குண்டு வீச்சுக்குப் பயந்து குடும்பத்தோடு கிரிட்ஸானா என்னும் மலைக் கிராமத்துக்குப் போனார். போலோன்யாவுக்குத் தெற்கே, அபென்னைன் மலைத் தொடரில் உள்ள ஊர். 1913 முதல் அவர் கோடைக்குப் போய் வந்த இடம். (1985-ல் அந்தக் கிராமத்தின் பெயரோடு அவர் பெயரையும் சேர்த்து விட்டார்கள்.) அந்த வருஷத்தில் அவர் எழுதிய படங்களில் வெள்ளைப் பாதையும், ஜன்னல் சாத்திய வீடுகளும், மரங்களும் இருக்கின்றன. ஒரு மனிதரும் இல்லை. சிப்பிகளை வைத்து எழுதிய படங்களும் உண்டு. இருட்டில் ஏதோ ஒன்று தன்னைச் சுருட்டிக் கொண்டு கிடப்பது போல இருக்கும். 1944 செப்டம்பர் 29 முதல் அக்டோபர் 5 வரையில், அந்த மலைப் பிரதேசத்தில், கிரிட்ஸானா, மர்ஸபொத்தோ, மொன்ஸூனோ ஆகிய மூன்று ஊர்களைச் சேர்ந்த குக்கிராமங்களில், ஜெர்மானியப் படையினர் சுமார் 770 பேரைக் கொன்றார்கள். பெரும்பாலோர் ஸ்திரீகள், குழந்தைகள், வயோதிகர்கள். மொராந்தி தூரிகையால் தொட்டுத் தொட்டு எழுதிய மலைச் சரிவுகளுக்கு அருகாமையில் நடந்த கொலை அது. அதை அவர் எழுதவில்லை.

இந்த யோசனையோடு நெப்டியூன் சதுக்கத்துக்கு வந்து சேர்ந்தோம். நகர மாளிகையின் வெளிச் சுவர் அந்தச் சதுக்கத்தில் இருக்கிறது. மொராந்தியின் கடைசிச் சகோதரி மரியா தெரெஸா நகரத்துக்குக் கொடுத்த படங்களைக் கொண்டு 1993-ல் மொராந்திக் காட்சிசாலை ஏற்பட்டதும் அந்த மாளிகையில்தான். அதே மாளிகையின் சுவரில், பாஸிஸ்டுகளையும் நாஜிகளையும் எதிர்த்துப் போராடி மாண்டவர்களின் புகைப்படங்களைப் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் உள்ளங்கைக்குள் அடங்கக் கூடிய சிறு படம். அப்படி வரிசை வரிசையாக, இரண்டாயிரத்துக்கு மேல். சிரிக்கும் பையன்கள், தொப்பி அணிந்த தொழிலாளிகள், தலையை நடுவகிடெடுத்து வாரிய பெண்கள். நகர மாந்தர் சாமான் பையோடு அதைக் கடந்து போய்க் கொண்டிருந்தார்கள்.

சாதாரணமாக இம்மாதிரி ஞாபகச் சின்னங்களின் முன்னால் நான் நின்று எண்ணிக்கையைக் குறித்துக் கொண்டு நகர்ந்து விடுகிற ஆசாமி. அன்றைக்கு என் மனைவி நகரவில்லை. மேல் வரிசையின் இடது ஓரத்தில் தொடங்கி, ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கொண்டு போனாள். நானும் பார்த்தேன். ஐந்தாறு முகங்களுக்குப் பிறகு ஒரு விசித்திரம் நடந்தது. இவர்கள் இறந்தவர்கள் என்பது மறந்து, இப்படி ஒரு காது மடல், இப்படி ஒரு கழுத்துப் பட்டை, இப்படி ஒரு கோணல் சிரிப்பு உலகத்தில் இருந்தது, வேறு எங்கும் இல்லாமல் இங்கே ஒருவனிடம் இருந்தது என்பதே பெரும் அதிசயமாகத் தோன்றியது. அரை மணிக்கு முன் ஒரு தகரப் புனலைப் பார்த்த போது தோன்றியதும் இதுவேதான். என் சந்தேகம் அதனால் தீர்ந்து விட்டதென்று சொல்ல மாட்டேன். மலையில் நடந்ததை அவர் எழுதியிருக்க வேண்டும் என்றுதான் இன்றைக்கும் ஒரு பாதி மனசு சொல்கிறது. ஆனால் அவருடைய மேஜையைப் பார்க்காமல் நேரே அந்தச் சுவருக்கு வந்திருந்தால், நான் இரண்டாயிரம் என்று எழுதிக் கொண்டு போயிருப்பேன் என்பதும் எனக்குத் தெரியும்.

மறுநாள் காட்சிசாலைக்குப் போனோம். 2012-ல் அது நகரத்தின் நவீன கலாமண்டபத்துக்கு இடம் மாறியது. அந்தக் கட்டிடத்துக்கும் ஒரு கதை உண்டு. முதல் யுத்த காலத்தில் ஜனங்கள் ரொட்டிக்குத் தவித்த போது, ஸனார்தி என்னும் நகரசபைத் தலைவர் ஏற்படுத்திய ரொட்டிச் சூளை அது. மாவு பிசைந்த இடத்தில் இப்போது படங்கள் தொங்குகின்றன.

படங்களைப் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. எழுதினால் எல்லாம் ஒன்று போலிருக்கும். முதலில் நமக்கும் அப்படித்தான் இருக்கிறது. வெள்ளைப் புட்டி, பழுப்புப் பெட்டி. அடுத்ததில் பழுப்புப் பெட்டி, வெள்ளைப் புட்டி. பொறுமை இழந்து இரண்டு பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள். நின்று பார்த்தால், புட்டியின் ஓரக் கோடு சற்றே நடுங்குகிறது. பெட்டியின் விளிம்பும் பின்சுவரும் ஒரே நிறமாகி, எது முன், எது பின் என்று தெரியாமல் கரைகின்றன. நேற்றுத் தெருவில் பார்த்தோமே வெயிலின் மங்கல், காவியில் பொடி தூவினாற்போல, அது இங்கே படத்துக்குப் படம் இருக்கிறது. கண்ணுக்குத் தெரிவதைக் காட்டிலும் அரூபமானது வேறொன்றும் இல்லை என்பது மொராந்தியின் சித்தாந்தம். படித்த போது வேதாந்தம் மாதிரி இருந்தது. பார்த்த போது அவர் கண்டதைத்தான் சொன்னார் என்று பட்டது. கடைசி வருஷங்களின் நீர் வர்ணப் படங்களில் புட்டி முக்கால்வாசி மறைந்தே போய் விட்டது. வெறுங் காகிதம்தான் புட்டி. சுற்றிலும் கொஞ்சம் நிழல்.

1948-ல் வெனிஸிலும், 1957-ல் பிரேஸில் தேசத்து ஸாவோ பாவுலோவிலும் பெரிய பரிசுகள் இவருக்குக் கிடைத்தன. அதனால் அந்த அறையில் கட்டில் அகலமாகவில்லை.

ஊருக்குத் திரும்பிய வாரத்தில், ஏழாம் வகுப்பில் சித்திர உபாத்தியாயர் விடுமுறையில் இருந்ததால் அந்த மணி நேரம் என் தலையில் விழுந்தது. ஆசிரியர் அறையிலிருந்து ஒரு காபித் தம்ளரையும், ஒரு மைப் புட்டியையும், சாக்குக் கட்டிப் பெட்டியையும் கொண்டு போய் மேஜையில் வைத்து, "பத்து நிமிஷம் பாருங்கள், அப்புறம் எழுதலாம்" என்றேன். பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். மூன்றாவது நிமிஷத்தில் ஒருவன் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றான். ஆறாவது நிமிஷத்தில் கொஞ்சம் அமைதி உண்டாயிற்று. கடைசி பெஞ்சியிலிருந்து, வழக்கமாக வாயைத் திறக்காத ஒரு பையன் எழுந்து நின்றான்.

"ஸார், தம்ளர் நிழல் மைப் புட்டியைத் தொட்டு விட்டது. நீங்கள் வைக்கும் போது தொடவில்லை."

எல்லோரும் எழுந்து வந்து பார்த்தார்கள். தொட்டுத்தான் இருந்தது. அதற்குள் சரித்திர உபாத்தியாயர் வாசலில் வந்து நின்று, தம்முடைய காபித் தம்ளரை யார் எடுத்துப் போனதென்று விசாரித்தார். இன்னும் கொஞ்சம் பொறுக்க வேண்டுமென்று அவரைக் கேட்டுக் கொண்டேன்.